கார்டு நல்லாத்தான் இருக்கு

வாங்க ஆன்ட்டி, படியில் பார்த்து ஏறுங்க. அந்தச் சின்னக் கம்பிக் கதவைத் தள்ளாதீங்க, கொக்கியை மேலே தூக்கினால்தான் திறக்கும். ஹில்டா அக்கா வைத்த கதவு. அவர்கள் வீட்டில் இல்லை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ரிப்பேர் கடைக்குப் போயிருக்கிறார்கள். இப்போது வந்துவிடுவார்கள். கீழே வெயிலில் ஏன் நிற்க வேண்டும்? மேலே நல்ல காற்று வரும்.

மாதா சபையிலிருந்துதானே வருகிறீர்கள்? பையைப் பார்த்ததுமே நினைத்தேன். இருங்க, இருங்க, முதலில் தண்ணீர் குடிங்க, விஷயத்தை அப்புறம் சொல்லலாம். அக்காவிடம் சொல்ல வேண்டியதை அக்காவிடமே சொல்லிக்கொள்ளுங்க.

இவள் அவிலா. ஒன்றேகால் வயசு ஆகிறது. கண்ணாடியைப் பிடித்து இழுப்பாள், ஜாக்கிரதை. கீழே இறக்கிவிட மாட்டேன், தப்பாக நினைக்காதீங்க. குளிக்கும்போதுகூட வாளிக்குப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டுதான் குளிக்கிறேன். இந்த வீட்டில் பிள்ளையை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது ஆன்ட்டி. ஏன் என்று கேட்கிறீர்களா? கேட்கவில்லையா? சரி, நானே சொல்கிறேன். உங்கள் சபையில் எல்லோரும் ஹில்டா அக்காவைப் பெரிய புண்ணியவதி என்று வைத்திருப்பீர்கள். திருவிழாவுக்குப் பூ கட்டுகிறார்கள், சாவு வீட்டில் ஜெபமாலை சொல்கிறார்கள். ஒரு ஆளாவது உள்ளதைத் தெரிந்துகொள்ளட்டும்.

என் வீட்டுக்காரர் ரெக்சனும் ஹில்டா அக்கா வீட்டுக்காரர் கிளாடியுஸ் அத்தானும் அண்ணன் தம்பி. கீழே அவர்கள், மேலே நாங்கள். நாங்கள் என்றால் நானும் இவளும். ரெக்சன் கப்பலில் போனால் திரும்பி வர வருஷத்தில் பாதி ஓடிவிடும். அக்காவுக்குக் கல்யாணமாகிப் பதினாலு வருஷமாகப் பிள்ளை இல்லை. அதற்காக நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை, மாதா அறிய.

இவளுடைய முதல் பிறந்தநாளில்தான் ஆரம்பித்தது. மாமி, ரெக்சனுடைய அம்மா, மணப்பாட்டிலிருந்து வந்திருந்தார்கள். கேக் வெட்டுகிற நேரம், எல்லோரும் நிற்கிறோம், மாமி சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள்: "ஏ ஜெனோவா, இதை மூத்தவகிட்ட குடுத்துட்டு நீ அடுத்ததைப் பெத்துக்கோ. நம்ம குடும்பத்துல இது என்ன புதுசா?"

புதுசு இல்லை ஆன்ட்டி. அதுதான் பயம். ரெக்சனுடைய சித்தப்பா ஒருவரை அப்படித்தான் பிள்ளையில்லாத பெரிய வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்தார்களாம். பெற்றவளைக் கடைசிவரை 'சின்னம்மை' என்றுதான் கூப்பிட்டாராம். எல்லோரும் சிரித்தார்கள். ரெக்சன்கூடச் சிரித்தார். ஹில்டா அக்கா மட்டும் சிரிக்கவில்லை, அவிலாவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். சிரித்திருந்தால் நான் மறந்திருப்பேன். கேக் கத்தி என் கையிலேயே இருந்தது, யாருக்கும் வெட்டிக் கொடுக்கத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக. கீழே காலியாகக் கிடந்த அறைக்கு மஞ்சள் பெயின்ட் அடித்தார்கள். "எதுக்குக்கா?" என்றேன். "சும்மாதான்ட்டி, சுவர் அழுக்கா இருந்துச்சு" என்றார்கள். ஒரு சின்னக் கட்டில் வந்தது, சுற்றிலும் கம்பி வைத்தது. சும்மாதானாம். படிக்கு இந்தக் கம்பிக் கதவு வந்தது. ஒருநாள் வீட்டில் ஒவ்வொரு அறையாகப் போனில் படம் எடுத்துக்கொண்டு திரிந்தார்கள். அப்புறம் கேள்விகள். ஒரு வயசுப் பிள்ளைக்கு ராத்திரி பால் வேணுமா? காய்ச்சல் வந்தால் முதல்ல என்ன குடுக்கணும்? புது இடத்தில் படுத்தால் அழுவாளா? புது இடமாம்! நீங்களே சொல்லுங்க, பிள்ளையில்லாத ஒருத்திக்கு இதெல்லாம் எதற்கு?

ரெக்சனிடம் சொன்னால், "உனக்கு வேற வேலை இல்லை, அண்ணி நல்லவங்க" என்பார். கப்பலில் இருக்கிற மனுஷனுக்கு எல்லோரும் நல்லவர்கள்தான்.

அதனால்தான் வேலை தேடினேன். கையில் சம்பளம் வந்தால் பாளையங்கோட்டையில் அம்மா வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு வீடு எடுத்துவிடலாம், பிள்ளை என்னோடு இருக்கும். கான்வென்டில் படித்ததற்கு அந்த ஆங்கிலமாவது உதவட்டும் என்று நினைத்தேன். வெளிநாட்டு வீடியோக்களில் கீழே எழுத்து ஓடுமில்லையா, அதைப் பிழை பார்க்கிற வேலை, வீட்டிலிருந்தே செய்யலாம். திங்கட்கிழமை ஆன்லைனில் பரீட்சை என்று சொல்லிவிட்டார்கள். சனிக்கிழமை என் லேப்டாப்பில் நெட் போய்விட்டது.

அதெப்படிச் சரியாக அந்தச் சனிக்கிழமை? அதை யோசியுங்க.

அது ரெக்சனின் பழைய லேப்டாப். மெதுவாக ஓடுகிறது என்று, கப்பலில் ரேடியோ பார்க்கிற அவருடைய சிநேகிதர் லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தார். விண்டோஸ் மாதிரி இல்லை, ஆனால் பழகிவிட்டால் நல்ல பிள்ளை. அன்று காலையில் ஏதோ புதுப்பிக்க வேண்டும் என்று கேட்டது, சரி என்று தட்டினேன். கோடு நகர்ந்துகொண்டிருந்தது. கீழேயிருந்து ஹில்டா அக்கா ஒரு கத்தல்: "ஜெனோ! பிள்ளை படியில நிக்கா!" இந்தக் கதவு வருவதற்கு முந்தி நடந்தது இது. அலறி அடித்துக்கொண்டு எழுந்தேன். எங்கள் கான்வென்ட் லேபில் சிஸ்டர் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள், எழுந்தால் அணைத்துவிட்டுத்தான் எழ வேண்டும், இல்லையென்றால் ஸ்கேலால் ஒன்று விழும். கால் வாசலுக்குப் போய்விட்டது, கை மட்டும் பட்டனை அழுத்திப் பிடித்து, திரை கருத்த பிறகுதான் விட்டது. பழக்கம் அப்படி. ஓடிப்போய்ப் பார்த்தால் பிள்ளையை அதற்குள் அக்கா தூக்கி இடுப்பில் வைத்திருக்கிறார்கள். அவர்கள் இடுப்பில்! இவளும் அழாமல் இருக்கிறாள்!

நான் பிள்ளைக்குச் சோறூட்டித் தூங்க வைத்துவிட்டு வருகிறேன், என் அறையிலிருந்து அக்கா வெளியே வருகிறார்கள், கையில் துணி. "லேப்டாப் மேல பால் சிந்திக் கிடந்துச்சு, துடைச்சு வச்சுட்டேன்ட்டி" என்கிறார்கள். அதற்குப் பிறகு போட்டுப் பார்த்தால் வைஃபை இல்லை. அந்த விசிறி மாதிரி இருக்கிற அடையாளமே காணோம். தட்டினால், 'வைஃபை அடாப்டர் எதுவும் இல்லை' என்கிறது. அடாப்டர் என்றால் உள்ளே நெட்டைப் பிடிக்கிற கார்டு. ரௌட்டர் கீழே எரிகிறது, என் போனில் வருகிறது, லேப்டாப்பில் மட்டும் அப்படி ஒன்று பிறக்கவே இல்லை என்பதுபோல.

துடைத்தார்களாம்.

மறுநாள் பூசை முடிந்து வந்ததும் நிலோஃபருக்குப் போன் போட்டேன். கான்வென்டில் என் பெஞ்ச். இப்போது சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாள். "நெட் கார்டைக் கெடுத்துட்டாங்கடி" என்றேன். "யாரு?" என்றாள். "அதை அப்புறம் சொல்றேன்." "சரி, கருப்பு ஜன்னலைத் திற" என்றாள். டெர்மினல் என்று ஒன்று இருக்கிறது ஆன்ட்டி. கறுப்பாக, படமே இல்லாமல், நாமே எழுத்தடித்துக் கட்டளை போட வேண்டும்.

"எல், எஸ், பி, சி, ஐ. எல்லாம் சின்ன எழுத்து. நடுவுல இடம் விடாத."

அடித்தேன். சரசரவென்று வரிகள் ஓடின. "கடைசிப் பக்கம் பாரு, நெட்வொர்க் கன்ட்ரோலர்னு ஒரு வரி இருக்கா?"

"இருக்கு."

"அப்போ கார்டு சாகலை. கை, காலோட உக்காந்திருக்கு. அதுகூட யாரும் பேசமாட்டேங்கிறாங்க, அவ்வளவுதான்."

"நான் சொன்னேன்ல, யாரோ என்னமோ பண்ணியிருக்காங்க."

"ஐயோ, நான் மனுஷங்களைச் சொல்லலைடி லூசு. சரி, பூட்டு எதுவும் விழுந்திருக்கான்னு பாப்போம். ஆர், எஃப், கில். அப்புறம் இடம் விட்டு, லிஸ்ட்."

கில் என்றதும், "ஐயோ, எதைக் கொல்லணும்?" என்றேன். அவள் சிரிக்கிறாள். "நம்ம சிஸ்டர் உனக்கு லேப்ல செருப்பைக் கழட்டி வரிசையா வைக்கத்தான் சொல்லிக் குடுத்தாங்க. அடிடி." அடித்தேன். பூட்டு எதுவும் இல்லை, எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்றுதான் வந்தது.

"பார்த்தியா, யாரும் பூட்டலை" என்றாள்.

"பூட்டாம வேற மாதிரி பண்ணத் தெரியாதா?" என்றேன்.

அப்புறம் டிரைவரைக் கூப்பிடச் சொன்னாள். டிரைவர் என்றால் கார் ஓட்டுகிறவர் இல்லை ஆன்ட்டி, அந்தக் கார்டையும் கம்ப்யூட்டரையும் பேச வைக்கிற ஒரு சின்னப் புரோகிராம். கூப்பிட்டால், அப்படி யாரும் இங்கே இல்லை என்று பதில் வருகிறது. இன்னும் ரெண்டு மூன்று கட்டளை. அவிலா மடியில் உட்கார்ந்து விசைப்பலகையில் அவளும் அடிக்கிறாள். கடைசியில் நிலோஃபர், "ஆங், கிடைச்சிட்டு" என்றாள். "நீ புது வீட்டுக்குக் குடி போயிட்ட. டிரைவர் இன்னும் பழைய வீட்டு வாசல்லயே நிக்கிறான். அப்டேட் பாதியில நின்னுருக்குடி. நடுவுல அணைச்சியா?"

"நான் ஏன் அணைக்கிறேன்?"

"பட்டனை அழுத்திப் பிடிச்சியா?"

"பிள்ளை படியில நிக்கிறாள்னு சத்தம் போட்டா உக்காந்து கோடு நகர்றதைப் பாத்துக்கிட்டு இருப்பாங்களா? சத்தம் போட்டது யாரு? அதைக் கேளு!"

"ஜெனோ, நீ தூங்கறியா ஒழுங்கா?" என்றாள். பேச்சை மாற்றுகிறாள். அவளுக்கும் புரிந்துவிட்டது, என்னைப் பயமுறுத்த வேண்டாம் என்று சொல்லாமல் விட்டிருக்கிறாள்.

ஆனால் கெட்டிக்காரி ஆன்ட்டி, அதைச் சொல்லணும். என் போனைக் கேபிளில் லேப்டாப்போடு இணைக்கச் சொல்லி, போன் வழியாக நெட்டைக் கொடுக்க வைத்தாள். அதிலேயே பரீட்சை எழுதினால் நடுவில் அறுந்துவிடும், ஆனால் டிரைவரை இறக்க அது போதும் என்றாள். பாதியில் விட்டதை முடி என்று ஒரு கட்டளை. பாஸ்வேர்ட் கேட்டது, அடித்தேன், திரையில் ஒரு புள்ளிகூட வரவில்லை. "நிலோ, ஒன்னுமே விழலைடி." "விழும். உனக்குத்தான் தெரியாது. அடிச்சிட்டு என்டர் தட்டு." நம்பித்தான் தட்டினேன். வரிவரியாக ஓடி, நின்று, மறுபடியும் ஓடியது. லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். அந்த விசிறி வந்து நின்றது! எங்கள் ரௌட்டர், பக்கத்து வீடு, எதிர் வீட்டு டியூஷன் சென்டர், எல்லார் பெயரும் வரிசையாக வந்தது. நான் அழுதுவிட்டேன். அவிலா என் கண்ணைத் துடைக்கிறேன் என்று மூக்கில் விரலை விட்டாள்.

பரீட்சை எழுதினேன், வேலை கிடைத்துவிட்டது. இதெல்லாம் கீழே யாருக்கும் தெரியாது. கார்டு சரியானதைச் சொல்லவே இல்லை. அக்கா கேட்டார்கள், "என்னட்டி, நெட் வந்துச்சா?" என்று. நான் முகத்தைத் தொங்கப்போட்டு, "கார்டு போயிருச்சாம்க்கா" என்றேன். "ஐயோ பாவமே" என்றார்கள். அவர்கள் நடிப்புக்கு என் நடிப்பு சரியாகப் போய்விட்டது.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், வட்டியோடு திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று. சிஸ்டர்கள் மன்னிப்பைப் பற்றி எவ்வளவோ சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் அவர்கள் யாருக்கும் பிள்ளை கிடையாதே ஆன்ட்டி.

நிலோஃபர் பேச்சோடு பேச்சாக ஒன்று சொல்லியிருந்தாள். ஒவ்வொரு நெட் கார்டுக்கும் ஒரு எண் இருக்கிறது, "உங்க ஆளுங்க ஞானஸ்நானத்துல வைக்கிற பேரு மாதிரி, சாகுற வரைக்கும் மாறாது" என்று. ரௌட்டருக்கு அந்த எண்ணை வைத்துத்தான் ஆளைத் தெரியும். அப்படியானால் ரௌட்டரிடம் சொல்லி ஒரு ஆளை மட்டும் உள்ளே விடாதே என்று நிறுத்தலாம்தானே? இதை அவளிடம் நான் கேட்கவில்லை. நானே தேடிப் படித்தேன். ரௌட்டருக்கு அடியில் ஒட்டியிருக்கிற தாளில் அதன் செட்டிங்ஸுக்குள் போகிற பாஸ்வேர்ட் இருக்கிறது, பெட்டி வந்த நாளிலிருந்து யாரும் மாற்றவில்லை. கீழே ஹாலில் தூசி தட்டுகிற மாதிரி ஒருநாள் பார்த்து வைத்துக்கொண்டேன். மேலே வந்து உள்ளே நுழைந்தால், வீட்டில் இருக்கிற ஒவ்வொரு கார்டும் பெயரோடு நிற்கிறது. டிவி, அத்தான் போன், ஹில்டா அக்கா போன், ஹில்டா அக்கா லேப்டாப். உள்ளே நுழைந்த கையோடு அந்தப் பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். இப்போது அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

சும்மா நிறுத்துவதில் என்ன இருக்கிறது? நேரம் பார்த்துச் செய்ய வேண்டும். அவர்கள் எனக்குத் திங்கட்கிழமைப் பரீட்சையைப் பார்த்துச் செய்தார்கள் இல்லையா?

நேரம் தானாக வந்தது. போன புதன்கிழமை கொடியில் துணி எடுக்கப் போகிறேன், கீழே பின்வாசலில் அக்கா போனில் பேசுகிறார்கள். மெதுவாக. "நாளைக்குப் பதினோரு மணிக்கு, சரி. வீடியோவுல வாரேன். ஆமா, பிள்ளை விஷயம்தான். இல்ல, யார்கிட்டயும் சொல்லல, ஜெனோகிட்டகூட சொல்லல. நல்லபடியா முடியட்டும், அப்புறம் சொல்லிக்கிடுதேன்."

துணியெல்லாம் கீழே விழுந்துவிட்டது. பிள்ளை விஷயம்! என்னிடம்கூடச் சொல்லவில்லையாம்! முடிந்த பிறகு சொல்வார்களாம்! வக்கீலிடம்தான் பேசுகிறார்கள், எனக்குச் சந்தேகமே இல்லை. எழுதி வாங்கிவிட்டு, ரெக்சனிடம் கையெழுத்து வாங்கிவிட்டு, கடைசியில் என்னிடம் வந்து, "ஜெனோ, பிள்ளை கீழே இருக்கட்டும்" என்பார்கள்.

வியாழக்கிழமை. கிளாடியுஸ் அத்தான் ஹார்பருக்கு வேலைக்குப் போய்விட்டார். பத்தேமுக்காலுக்கு நான் இதே நாற்காலியில் உட்கார்ந்து, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, முதலில் லேப்டாப், அப்புறம் போன், ரெண்டையும் நிறுத்தினேன். ரெண்டு தட்டு. அவ்வளவுதான். இவ்வளவு நாள் எனக்கு இருந்த நடுக்கம் அந்த ரெண்டு தட்டில் நின்றுபோனது என்றால் நம்புவீர்களா?

எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் செல்போன் சிக்னல் நிற்காது, பழைய காலத்துச் சுவர். அதற்காகத்தான் ரௌட்டரே வாங்கியது. முதலில் கீழே நாற்காலி இழுபடுகிற சத்தம். அப்புறம் ரௌட்டரை அணைத்துப் போடுகிறார்கள். மறுபடியும் அணைத்துப் போடுகிறார்கள். நான் இங்கே சிரித்துக்கொண்டிருக்கிறேன். அப்புறம் படியில் தடதடவென்று காலடி. வந்து நிற்கிறார்கள். மாதா கோயில் திருவிழாவுக்குக் கட்டுகிற மாம்பழக் கலர்ப் பட்டு. தலையெல்லாம் வாரி, கழுத்தில் திட்டாகப் பவுடர். மூச்சு வாங்குகிறது.

"ஜெனோ, உன் லேப்டாப்பைக் கொஞ்சம் குடும்மா. எனக்கு ஒரு கால் வருது, நெட் வர மாட்டேங்கு. அரை மணி நேரம்தான்ட்டி. இப்பவே வேணும்."

லேப்டாப் என் பக்கத்தில் மூடி இருக்கிறது. நான் நிதானமாக அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்: "இதுல நெட் கார்டு வேலை செய்யாதேக்கா. உங்களுக்குத் தெரியாதா?"

உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டேன் பாருங்க, அதற்காகத்தான் நான் அத்தனை நாள் காத்திருந்தேன். கட்டக் கடைசியில் சொல்லிவிட்டேன். "ஆமா, மறந்துட்டேன்" என்றார்கள். அவிலா 'பெம்மா, பெம்மா' என்று கையை நீட்டினாள். பெரியம்மாவை அப்படித்தான் கூப்பிடுவாள். அவள் கன்னத்தை ஒரு விரலால் தொட்டுவிட்டு இறங்கி ஓடினார்கள்.

"உன் போனைக் குடு" என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ. அவர்களுக்கு அது தோன்றவில்லை. கடவுள் என் பக்கம் இருந்தார்.

பால்கனியிலிருந்து பார்த்தேன். தெருவுக்கு ஓடி, அந்தப் பட்டுப் புடவையோடு கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்று, போனை மேலே தூக்கிப் பிடிக்கிறார்கள். சிக்னல் கிடைத்திருக்க வேண்டும், பேச ஆரம்பித்தார்கள். உப்பு லாரி ஒன்று வந்தது, அதன் பின்னால் இன்னொன்று. ஒரு காதைப் பொத்திக்கொண்டு, "கேக்குதா? கேக்குதா? நான் வீட்டுலதான் மேடம், இது எங்க வீட்டு வாசல்தான்" என்று கத்துகிறார்கள். பால்காரர் நின்று பார்க்கிறார். எதிர் வீட்டு டியூஷன் பிள்ளைகள் ஜன்னலில் சிரிக்கின்றன. அப்புறம் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார்கள். குலுக்கினார்கள். மறுபடியும் பார்த்தார்கள். அறுந்துவிட்டது. கேட்டுத் திண்டில் உட்கார்ந்துவிட்டார்கள், பட்டு மண்ணில் கிடக்கிறது, தூக்கிவிடக்கூட இல்லை.

நல்லா வேணும் என்று நினைத்தேன். எனக்கு எப்படி இருந்தது என்று இப்போது தெரியட்டும்.

சாயங்காலம் மீன் குழம்பு கொண்டுவந்து வைத்தார்கள், ஊளி மீன், எனக்குப் பிடிக்கும் என்று. கண் வீங்கியிருந்தது. "உடம்பு சரியில்லையாக்கா?" என்றேன். "இல்லட்டி, ஒரு காரியம் வரும்னு இருந்தேன். நமக்குக் குடுத்து வைக்கல" என்றார்கள். குழம்பை நான் தொடவில்லை, பிள்ளைக்கும் கொடுக்கவில்லை. யார் கண்டது?

இன்னும் திறந்துவிடவில்லை ஆன்ட்டி. ஏன் திறக்க வேண்டும்? இன்டர்நெட் கம்பெனி ஆள் வந்து பார்த்து, எங்கள் பக்கம் எல்லாம் சரி என்று போய்விட்டான். அத்தான் போனில் வருகிறது, டிவியில் வருகிறது. அதனால் தன்னுடைய லேப்டாப்பில்தான் கார்டு போய்விட்டது என்று அக்கா நினைத்துக்கொண்டு இன்றைக்குக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். போகட்டும். கழற்றட்டும், மாட்டட்டும். நான் பட்ட பாட்டில் கால்வாசியாவது...

என்ன ஆன்ட்டி, டம்ளரைக் கீழே வைத்துவிட்டீர்கள்? தண்ணீரில் எறும்பா?

சொல்லுங்க. என்ன? மாதா சபை இல்லையா? அப்போ எங்கேயிருந்து வருகிறீர்கள்? திருநெல்வேலியா?

எதைக் கொடுக்கிற இடம்?

தத்தா? பிள்ளையைத் தத்துக் கொடுக்கிற இடமா?

யாருக்கு?

இல்லை, இருங்க. ஹில்டா அக்காவா எழுதிப் போட்டார்கள்? எப்போது? போன வருஷமா? அப்படியென்றால் இவள் பிறந்தநாளுக்கு முந்தியே... அந்த மஞ்சள் அறை... கட்டில்...

வியாழக்கிழமை போனில் அந்தப் பக்கம் நீங்களா மேடம்?

நான் என்னத்தைக் கண்டேன் மேடம். யாராவது சொன்னார்களா எனக்கு? வெளியே தெரிந்தால் கண்ணுபடும், முடியாமல் போனால் ஊர் சிரிக்கும் என்று மூடி வைத்தால் கூட இருக்கிறவள் என்ன நினைப்பாள்? சொல்லியிருக்கலாமே. ஒரே ஒரு வார்த்தை. "ஜெனோ, எனக்கு ஒரு பிள்ளை வரப்போகுது" என்று. நான் என்ன பிடுங்கிக்கொண்டா போய்விடுவேன்?

என்ன எழுதியிருந்தீர்கள்? படியுங்க... 'வீட்டில் பேசத் தனி இடம் இல்லை. அழைப்பைத் தெருவில் நின்று எடுத்தார். தயாராக இல்லை.' ஐயோ. தயாராக இல்லையா? மேடம், அவர்களைவிட யார் தயாராக இருப்பார்கள்? அந்த அறையை ஒரு தடவை பாருங்க. சன்னல் கம்பிக்கெல்லாம் பஞ்சு சுற்றி வைத்திருக்கிறார்கள், பிள்ளை தலை இடிக்கக் கூடாது என்று. இவள் அன்றைக்குப் படியில் நின்றாளே, நான் இருந்த இடத்திலிருந்து வருவதற்குள் விழுந்திருப்பாள். அவர்கள்தான் பிடித்தார்கள். குழந்தைக் காய்ச்சலுக்கு என்ன மருந்து, எவ்வளவு, எல்லாம் என்னைவிட அவர்களுக்குத் தெரியும். என்னிடம் கேட்டுக் கேட்டே...

என்னிடம் கேட்டுக் கேட்டேதான் படித்தார்கள்.

அந்தத் தாளைக் கிழித்துவிடுவீர்களா? அவர்கள் தெருவில் நின்றது ஏன் என்று தெரிந்துகொள்ளத்தான் நேரில் வந்தீர்களா? இப்போது தெரிந்துவிட்டதா? மாற்றி எழுதுகிறீர்களா?

பார்த்தீர்களா மேடம். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் உங்கள் தாள் அப்படியே போயிருக்கும். ஒருத்தியைப் பற்றி ஒரு ஆளிடமாவது சொல்லி மானத்தை வாங்க வேண்டும் என்று உட்கார்ந்தேன், கடைசியில் என் வாயாலேயே தன் காரியத்தை முடித்துக்கொண்டார்கள். அதிர்ஷ்டக்காரி.

என் லேப்டாப்பா? அதை யார் கெடுத்தது என்று இப்போது எதற்கு மேடம்? நிலோஃபர் ஏதோ அப்டேட் என்றாள். அது கிடக்கட்டும்.

இதை அவர்களிடம் சொல்லிவிடுவீர்களா? நான்தான் நிறுத்தினேன் என்று? சொன்னால் இந்த வீட்டில் என்னை யார்... ரெக்சன் அங்கே நடுக்கடலில், நான் இவளைத் தூக்கிக்கொண்டு எங்கே போவேன்? இல்லை, நீங்கள் சொல்லாதீர்கள். நானே... பார்ப்போம். முதலில் இதைத் திறக்கிறேன். அரை நிமிஷ வேலைதான். இவளைக் கொஞ்சம் பிடியுங்க. பிடிங்க மேடம், பரவாயில்லை.

கேட் சத்தம். வந்துவிட்டார்கள்.

"ஏ ஜெனோ! கேட்டியா, கடைக்காரர் பிரிச்சுப் பாத்துட்டு, கார்டு நல்லாத்தான் இருக்குங்காரு! எனக்கு ஒன்னும் விளங்கலட்டி. வாசல்ல யாரு செருப்பு? யாரும் வந்திருக்காங்களா?"

போன், திறந்துவிட்டேன். லேப்டாப், திறந்துவிட்டேன். அவிலா, ஓடாதே. மேடம், அவளை விட்டுவிட்டீர்களா? கம்பிக் கதவு மூடித்தான் இருக்கிறது, விழ மாட்டாள். அங்கே போய் நின்றுகொண்டு பெம்மா பெம்மா என்று கத்துகிறாள் பாருங்க. சரி, கொக்கியைத் தூக்கிவிடுங்க. அவர்களே வந்து தூக்கிக்கொள்ளட்டும்.

ஆமாக்கா, ஆள் வந்திருக்காங்க, உங்களைப் பாக்கத்தான். முகத்தைக் கழுவிட்டு வாங்க. அந்த மாம்பழக் கலர்ப் புடவையைக் கட்டிக்கோங்க.

நெட்டா? வந்துட்டுக்கா. இப்பப் போட்டுப் பாருங்க.